கொடி பிடித்தவர்

எழுதத் தெரிந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள். இருபது வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பேனா எடுப்பது கழுத்தளவு, கையளவு குறிக்கத்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேச வேண்டிய ஒரு நேரத்தில் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. வாயால் முடியாததைக் கையால் செய்து பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர் பெயரைப் போடவில்லை. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது, கேட்டு அனுமதி வாங்க முடியாது.

அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். ஊரில் சின்னவர்கள் எல்லாருக்கும் அவர் மாமா. மலைமேல் புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். கொஞ்சம் சாமை, ஐந்தாறு புளிய மரம், இவ்வளவுதான் அவருடைய சொத்து. கோடைக்கு முன்னால் காட்டில் ஃபயர் லைன் வேலைக்குப் போவார். தீ ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தாண்டாமல் இருக்க, புல்லையும் சருகையும் செதுக்கி எடுத்து மலைமேல் நீளமாக ஒரு வெற்றுப் பட்டை போடுவார்கள். கூட வேலை செய்கிறவர்கள் அவரோடு சேர்ந்து போக யோசிப்பார்கள். மூன்று மீட்டர் என்றால் மூன்று மீட்டர் இருக்க வேண்டும் அவருக்கு. பார்க்க வருகிற அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கக்கூட மாட்டார், நீ எதற்குச் சாகிறாய் என்று கேட்டால், அதிகாரி பார்க்காவிட்டாலும் நெருப்பு பார்க்கும் என்பாராம்.

எங்கள் பள்ளி மைதானத்துக்குக் கோடு போடுகிறவரும் அவர்தான். சுண்ணாம்புத் தூள் வாங்க யாரும் பணம் ஒதுக்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் சனிக்கிழமை வீடு வீடாகப் போய் அடுப்புச் சாம்பல் வாங்குவார். சலித்து, அடியில் ஓட்டை போட்ட பால் பவுடர் டின்னில் நிரப்பிக்கொண்டு, கயிறு கட்டாமல், எதிரில் ஒரு கம்பத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து போவார். செம்மண்ணில் சாம்பல் கோடு நூல் பிடித்தது போல விழும். ஆட்டம் தொடங்கியதும் அதே கோட்டோரம் கொடியோடு நிற்பார். அந்தக் கொடி நான் தைத்துக் கொடுத்தது, ஜாக்கெட் தைத்து மிஞ்சிய சிவப்புத் துணியில்.

எங்கள் மலையில் கிரிக்கெட் அவ்வளவாக எடுபடவில்லை. கால்பந்துதான். பொங்கலுக்கு நான்கு நாள் போட்டி நடக்கும். கீழேயிருந்து செங்கம், கணியம்பாடி பக்கத்து அணிகளெல்லாம் வரும்.

அவர் வாயிலிருந்து அதிகம் வருகிற வார்த்தைகள் இரண்டு. உள்ள, வெளிய. எதைக் கேட்டாலும் இதில் ஒன்றுதான். ஒரு தடவை கல்யாணப் பெண்ணுக்கு ஜாக்கெட் தைத்து வைத்திருந்தேன். பெண்ணும் அவள் அம்மாவும் வந்து போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாம்பல் கேட்க வந்தவர் வாசலில் நின்றபடியே, இடது கை ஒரு விரல்கடை தூக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அளந்து பார்த்தால் ஒரு விரல்கடைதான். பிரித்துத் திரும்பத் தைத்தேன். எனக்குக் கோபம். அவருக்கு அது கோபப்படுகிற விஷயம் என்றே தெரியவில்லை, போகும்போது சாம்பலை மறக்காமல் வாங்கிக்கொண்டுதான் போனார்.

அந்தக் குணத்தால் அவர் பட்டது கொஞ்சமில்லை. பல வருடம் முன்னால் ஒரு பொங்கல் இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் அவருடைய சொந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கோல் போட்டான். ஊரே மைதானத்துக்குள் ஓடியது. திரும்பிப் பார்த்தால் இவர் கோட்டோரம் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கோலுக்கு முன்னாலேயே பந்து வெளியே போய்விட்டதாம். எங்கள் அணி தோற்றது. அவர் மனைவி மூன்று நாள் பேசவில்லை. ஒரு மாதம் எந்த ஜீப்பும் அவரை ஏற்றிக்கொள்ளவில்லை, சந்தைக்கு நடந்தே போய் வந்தார். நான் கேட்டேன், பார்க்காத மாதிரி இருந்திருக்கலாமே அண்ணா என்று.

“பந்து வெளிய பூடுச்சும்மா. நான் இன்னா பண்றது?” என்றார்.

அடுத்த வருடத்திலிருந்து கீழே இருக்கிற அணிக்காரர்கள், அந்தக் கொடிக்காரர் நிற்கிறாரா என்று கேட்டுக்கொண்டுதான் மலை ஏறினார்கள்.

இப்போது ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பையன், இடது காலன். பன்னிரண்டு வயதிலேயே பெரியவர்களோடு ஆடினான். பெயர் ஏழுமலை என்பதால் ஏழாம் நம்பர் பனியன். அதையும் நான்தான் தைத்தேன். பந்தை எடுத்துக்கொண்டு கோட்டை ஒட்டியே ஓடுவான். மற்றவர்கள் பந்து வெளியே போய்விடும் என்று பயந்து உள்ளே திரும்புகிற இடத்தில் இவன் இன்னும் வேகம் எடுப்பான். ஆட்டம் முடிந்து பார்த்தால் அவன் இடது காலில் மட்டும் சாம்பல் அப்பியிருக்கும். அவன் ஆடுகிறான் என்றால் எட்டு ஊரிலிருந்து வருவார்கள். பெண்கள்கூடக் களையெடுப்பை விட்டுவிட்டு வந்து நிற்போம். யாரையும் புகழாத அண்ணன் அவனை மட்டும், கோட்டு மேலயே குடித்தனம் பண்றான் பாரு என்று சொல்லிச் சிரிப்பார். அவனும் ஆட்டம் முடிந்ததும் முதலில் இவரிடம்தான் ஓடி வருவான். மாமா, நான் எத்தினி தபா வெளிய போனேன் என்று கேட்பான். இவர் எண்ணி வைத்திருந்து சொல்வார்.

அந்த ஏழுமலை போய்விட்டான். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்கிற ஒரு பாய் சொந்தமாக அணி வைத்து நடத்துகிறார். அவர் ஒரு ஆட்டத்தில் இவனைப் பார்த்துவிட்டுத் தங்க இடம், சாப்பாடு, நல்ல பூட்ஸ், பகலில் ஒரு வேலை என்று கூப்பிட்டார். இருபத்தியோரு வயதுப் பையன், கிளம்பினான். எங்கள் அணித் தலைவனிடம் நேரில் சொல்லப் பயந்து போனில் சொன்னான். அதுதான் அவன் செய்த தப்பு. சொல்லப்போனால் அதுகூடத் தப்பில்லை.

எங்கள் மலையில் கீழே போவதை இறங்குவது என்றுதான் சொல்வோம். காபி பறிக்க இறங்குவார்கள், திருப்பூருக்கு இறங்குவார்கள், வீட்டையே பூட்டிக்கொண்டு ஆறு மாதம் இறங்குகிறவர்கள் உண்டு. யாரும் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஏழுமலை இறங்கிட்டான் என்று சொன்னபோது அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. அவன் தரத்தில் இறங்கினது மாதிரி, மலையையே இறக்கினது மாதிரி சொன்னார்கள். முதல் நாள் வரை அவனைத் தோளில் தூக்கிய அதே பையன்கள்.

ஜீப் நிற்கிற இடத்தில் அவன் படம் போட்ட பெரிய பேனர் ஒன்று கட்டியிருந்தது. போட்டியில் ஜெயித்தபோது அவர்களே காசு போட்டு வைத்தது. அதை அவிழ்த்துத் தரையில் விரித்தார்கள். ஜீப் ஏற வருகிறவர்கள் எல்லாரும் மிதித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒரு காலைப் பொழுது முழுக்க அப்படிக் கிடந்தது. மழைச் சேற்றுக் காலோடு அவன் முகத்தின் மேல் நடந்து போனார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட ஒரு ஓரமாக மிதித்துத்தான் போனார். அப்புறம் அவன் அம்மா வந்தாள். பேனரை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எதிரில் இருந்த என் தையல் கடையிலிருந்து நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அணித் தலைவன் என் கடைக்கு வந்தான். கையில் அந்த ஏழாம் நம்பர் பனியன்.

“இந்த நம்பர பிரிச்சிடுக்கா. இனிமே நம்ம டீம்ல ஏழு கெடையாது. ஆறுக்கு அப்பறம் எட்டு.”

அண்ணன் அப்போது பழைய சாக்கு தைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவன் அவரைப் பார்த்து, இன்னா மாமா, உன் பையன் உனக்காவது சொல்லிட்டுப் போனானா என்று குத்தலாகக் கேட்டான்.

“இல்ல” என்றார்.

“அப்ப நீயும் தலமுழுகிடு.”

அண்ணன் நிதானமாகச் சொன்னார். “பந்து எங்க போவுதுன்னு பாக்கறதுக்குத்தான்டா எனக்குக் கொடி குடுத்தீங்க. ஆளு எங்க போறான்னு பாக்கறதுக்கு இல்ல. உங்கப்பன் பத்து வருஷமா காப்பி பறிக்க எறங்கறான், அவன் படத்த எங்கடா விரிச்சீங்க?”

அவன் பனியனை மெஷின் மேல் போட்டுவிட்டுப் போனான். நான் நம்பரைப் பிரித்தேன். அண்ணன் பேசியதைக் கேட்டுக்கொண்டேதான் பிரித்தேன். முடியாது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. துணி வெளுத்திருந்ததால் நம்பர் இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தோடு தெரிந்தது.

ஊர் முழுக்க ஒரு பக்கம் பேசினபோது தனியாக நின்றவர் அவர் ஒருவர்தான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் பின்னால் நான் சொல்லப் போவதைச் செய்தவரும் அவர்தான். இன்றைக்கும் இரண்டையும் ஒரே ஆளிடம் வைத்து என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த பொங்கல் போட்டிக்கு வாணியம்பாடி அணி பெயர் கொடுத்தது. பெரிய அணி என்பதால் அவர்களுக்கு முதல் ஆட்டமே இறுதி ஆட்டத்துக்கு முந்தின ஆட்டம், எங்கள் ஊரோடுதான். ஏழுமலை வருகிறான் என்று தெரிந்ததும் பையன்கள் கத்துவதற்கு வார்த்தை தயார் பண்ணினார்கள். ஏழுமலையின் அம்மா காலையிலேயே என்னிடம் வந்து, அந்த பாயும் கூட வருகிறாராம், இன்றைக்கு ஆடுவதைப் பார்த்துத்தான் வருகிற வருடத்துக்கு யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு பண்ணுவாராம், என் பிள்ளை நல்லா ஆடணும், ஆனால் நான் மைதானத்துக்கு வரமாட்டேன், கத்துவதை என்னால் கேட்க முடியாது என்றாள். நீ போய்ப் பார்த்துவிட்டுச் சொல் என்றாள்.

போனேன். அண்ணனுக்குப் பின்னால் புங்க மரத்தடியில் நின்றேன். அவர் அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டிருந்தார். வழக்கமாக அழுக்கு பனியனோடு நிற்கிறவர். முகத்தில் ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்தும் அடங்காத சிரிப்பு.

“ஏழு வர்றான்மா. எவன் இன்னா கத்தினாலும், வந்தா மொதல்ல இங்கதான் வருவான் பாரு” என்றார்.

வந்தான். பச்சை பனியன், முழங்கால் வரை காலுறை, ஒட்ட வெட்டின தலைமுடி. எறங்கினவனே, எறங்கிப் போ என்று ஒரே கூச்சல். அவன் எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராக எங்கள் பக்கம் நடந்து வந்தான். அண்ணன் கொடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார், வலது கையால் அவன் தோளைப் பிடிக்க என்று நினைக்கிறேன். அவன் நாலடி தள்ளி நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வணக்கம் சார்” என்றான்.

அண்ணன் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் நான்தான் இருந்தேன். சார் என்று சொல்ல அங்கே யாருமில்லை.

“கோடு நல்லா கீது சார்” என்று சொல்லிவிட்டு அவன் ஓடிப் போனான்.

கீழே இருக்கிறவர்களுக்கு இது புரியாது. கீழே பஸ் கண்டக்டரைக்கூட சார் என்பார்கள். எங்கள் மலையில் சார் என்றால் வெளியாள். ரேஞ்சர் சார், பேங்க் சார், போலீஸ் சார். ஏறி வந்து, வேலையை முடித்துக்கொண்டு, இறங்கிப் போகிறவர்கள். ஊருக்குள் இருக்கிற ஒருவரை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டோம். விளையாட்டுக்குக்கூட மாட்டோம். அண்ணன் வலது கை அப்படியே கொஞ்ச நேரம் பாதித் தூக்கினபடி இருந்தது. பிறகு கொடியை அந்தக் கைக்கு மாற்றினார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவ்வளவுதான் நான் பார்த்தது. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும். பந்து ஏழுமலைக்கு வந்தது, எங்கள் பக்கத்துக் கோட்டோரம். பழையபடி கோட்டின் மேலேயே ஓடி வந்தான். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் விழுந்தார்கள். எனக்கு நேர் எதிரில், நான்கடி தூரத்தில், பந்து சாம்பலின் மேல் உருண்டது. கோட்டைத் தாண்டவில்லை. சாம்பலின் உள் ஓரத்தை மட்டும் தேய்த்துவிட்டுத் திரும்பிற்று, வெளி ஓரம் கலையாமல் அப்படியே இருந்தது. அவன் உள்ளே வெட்டித் திரும்பி அடித்தான். கோல்.

கத்திக்கொண்டிருந்த ஊர் வாயடைத்துப் போயிற்று. அந்த அமைதியில் நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கை மேலே இருந்தது. கொடி மேலே இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. கொசு ஓட்டுகிறார் போல, கை வலி போல என்றெல்லாம் மனது ஏதேதோ சொல்லிற்று. ரெஃப்ரி செங்கத்துப் பக்கத்திலிருந்து வந்த இளவயது விளையாட்டு வாத்தியார். கொடியைப் பார்த்தார், ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவரும் இந்தக் கொடியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்தானே. கோல் இல்லை என்று கையை வீசிவிட்டார். வாணியம்பாடிப் பையன்கள் அண்ணனை நோக்கி ஓடி வந்தார்கள். அவர்கள் வந்து சேருவதற்குள் அண்ணன் ஒன்று செய்தார். முன்னால் ஓரடி வைத்து, பந்து தேய்த்த இடத்தைத் தன் செருப்புக் காலால் அழித்தார். ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி. கோட்டில் ஒரு முழம் காணாமல் போயிற்று.

ஊர்ப்பெரியவர் ஒருவர் நடுத்தெருவில் வேட்டியை அவிழ்த்துப் போட்டு நின்றால்கூட அப்படி அதிர்ந்திருக்க மாட்டேன். அண்ணா என்று கூப்பிடப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். அப்போது நான் ரெஃப்ரியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோட்டிலிருந்து நான்கடிதான் தள்ளி நின்றேன். புங்க மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

வாணியம்பாடி அணித் தலைவன் கொடியைப் பிடுங்கப் போனான். அவனைத் தடுத்துத் தள்ளினவன் ஏழுமலை.

“வுடுண்ணா. அவரு தூக்கினா வெளியதான். எனக்குத்தான் தெரியல போல.”

இதை அவன் சத்தமாகச் சொன்னான். அண்ணனுக்குக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அவர் எதிர்க் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பெனால்டியில் எங்கள் ஊர் ஜெயித்தது. பந்து உள்ளே இருந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்கள்தான் முதலில் அண்ணனைத் தூக்கினார்கள். இன்னிக்குத்தான்டா மாமா நம்ம ஆளு என்று ஒருவன் கத்தினான். அவர் தோள்மேல் உட்கார்ந்தபடி, இறக்கி வுடுங்கடா, இறக்கி வுடுங்கடா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் ஏழுமலை என் கடைக்கு வந்தான். பனியன் தோளில் கிழிந்திருந்தது. ஊசியை எடுத்துக் கையாலேயே தைக்க ஆரம்பித்தேன். அவன் அம்மா பேனரை அரிசிப் பானை மேல் மூடி வைத்திருப்பதைச் சொல்லிச் சிரித்தான். பாய் இன்னா சொன்னார் என்று கேட்டேன். ஒன்னும் சொல்லலக்கா, வேறொரு பையன பத்திதான் பேசினாரு என்றான். பிறகு நான் கேட்காமல் இருக்க முடியாததைக் கேட்டேன். மாமாவை ஏன் சார் என்று கூப்பிட்டாய்?

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான்.

“கொடி புடிச்சவரு பெத்த அப்பாவா இருந்தாலும் சார்னுதான் கூப்புடணும்க்கா, கோச் சொல்லிருக்காரு. எல்லாரும் பாக்கறப்ப நான் மாமான்னு கூப்ட்டு, அப்பறம் எனக்கு சாதகமா ஒன்னு வந்துச்சின்னா? வேண்டிய பையனுக்காவ பொய் சொல்லிட்டாருன்னு இவனுங்க மாமாவ வுடுவானுங்களா? அவரு பேரு கெட்டுடும்ல.”

ஊசி விரலில் ஏறியதை ரத்தம் துணியில் பட்ட பிறகுதான் பார்த்தேன். பந்து உள்ளேதான் இருந்தது என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவனுக்கு அந்த மாமாவும் இல்லாமல் போய்விடுவார் என்று தோன்றியது. காலையில் கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டு, தைத்த பனியனை வாங்கிக்கொண்டு அவன் போனான்.

கடையைச் சாத்திவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் குந்திக்கொண்டிருந்தார். ஜெயித்ததற்காக யாரோ போட்ட மாலையை அவர் வீட்டு ஆடு தின்றுகொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே, ஏழுமலை சொன்னதை அவன் சொன்ன மாதிரியே ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் இடையில் நிறுத்தாமல் பேசினது அதுதான்.

அவர் ஆட்டின் வாயிலிருந்து மாலையைப் பிடுங்கிப் போட்டார். பிறகு, “என் பேரு கெட்டுடும்னா சொன்னான்?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“அவனுக்குத் தெரியுமா, அது உள்ளன்னு?”

தெரியாது அண்ணா, நீங்க தூக்கினா வெளியதான்னு நம்பறான் என்றேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை இறுதி ஆட்டம் தொடங்கும் முன்னால் அவர் கமிட்டி மேசைக்குப் போய் மைக்கை வாங்கி, “நேத்து அந்தப் பந்து உள்ளதான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாணியம்பாடி அணி ஆறு மணி ஜீப்பிலேயே போய்விட்டிருந்தது. கமிட்டிக்காரர்கள் பத்து நிமிடம் பேசினார்கள். பிறகு எங்கள் ஊரை வைத்தே இறுதி ஆட்டம் நடந்தது.